என் புத்தகங்களை நானே வாங்கிய ஞாயிறுகள்

விடியலில் பெய்த மழை ஓய்ந்திருந்தது. கால்வாயில் தண்ணீர் வற்றிய நேரம். பழைய சாமான் சந்தை கூடும் சுங்கை ரோடு முழுக்கச் சேற்று நாற்றம். நான் பிரசவித்து முப்பத்தைந்து நாள் ஆகியிருந்தது. பழைய வேட்டியைக் கிழித்து வயிற்றைச் சுற்றி இறுக்கிக் கட்டியிருந்தேன். அப்படியும் அடி எடுத்து வைக்கும்போதெல்லாம் இடுப்பு கழன்றுவிடும்போல வலித்தது.

தரையில் விரித்த கித்தான்களில் வழக்கமான சாமான்கள்: ராணுவ பூட்ஸ், பிடி இல்லாத இஸ்திரிப் பெட்டி, முள் இல்லாத கடிகாரம், யாருடைய வாயிலிருந்தோ வந்த ஒரு பல்செட்டு. அந்தப் பல்செட்டுக்குப் பக்கத்தில் என் கணக்குப் புத்தகம் கிடந்தது.

என்னுடையதேதான். முதுகு பிய்ந்துபோனபோது நீலத் துணி வைத்துத் தைத்தவள் நான். குந்தி உட்கார்ந்து கையில் எடுத்தேன். முதல் பக்கத்தில் என் பெயர், பெயருக்குக் கீழே ஈப்போ என்று ஊர்.

கடைக்காரர் ஒரு சீனப் பெரியவர். மூக்குக் கண்ணாடியில் ஒரு பக்கம் விரிசல் விட்டிருந்தது. விலை சொன்னார்.

“இனி சாயா பூஞா,” என்றேன். இது என்னுடையது.

அவர் சிரிக்கவும் இல்லை, கோபப்படவும் இல்லை. “காசு கொடு, உன்னுடையதுதான்,” என்று மலாயிலேயே பதில் சொன்னார்.

பின்னால் லக்சா நூடுல்ஸ் கடையில் யாரோ ஒரு குழந்தை வீரிட்டு அழுதது. அந்தச் சத்தத்துக்கே எனக்குப் பால் சுரந்து ரவிக்கை நனைந்துவிட்டது. முந்தானையை இழுத்து மூடிக்கொண்டு, காசைக் கொடுத்துவிட்டு எழுந்தேன். ஒதுக்குப்புறமாகப் போய்ப் புத்தகத்தைத் தலைகீழாகப் பிடித்து உதறினேன். ஒரு செத்த கரப்பான்பூச்சி விழுந்தது. நான் தேடி வந்த காகிதம் விழவில்லை.

முன்பு வந்தபோது

இந்தத் தொடரில் ஆசிரியை ஆன கதையை எழுதாமல் தாண்டிப் போய்விட்டேன் என்று ஒரு வாசகி எழுதியிருக்கிறார். வேண்டுமென்றேதான் தாண்டினேன். அதை எழுத வேண்டுமென்றால் சுங்கை ரோட்டை எழுத வேண்டும். சுங்கை ரோட்டை நினைத்தாலே எனக்குக் கால் வலிக்கும்.

ஆனால் ஆரம்பத்தில் அப்படி இல்லை. ஐம்பதுகளின் நடுவில் கல்யாணமாகி ஈப்போவிலிருந்து சிங்கப்பூர் வந்த புதிது. என் கணவர் துறைமுகத்தில் கிரேன் ஓட்டினார். சைக்கிளுக்கு ஒரு பெடல் வாங்க வேண்டும் என்று ஒரு ஞாயிற்றுக்கிழமை என்னையும் அங்கே கூட்டிப் போனார். அவர் பெடல் தேடிக்கொண்டிருந்த நேரத்தில், ஒரு கித்தானின் ஓரத்தில் நான்கைந்து தமிழ்ப் புத்தகங்கள் தலைகீழாக அடுக்கியிருந்ததைப் பார்த்தேன். விற்பவருக்குத் தமிழ் எழுத்தில் மேல் எது கீழ் எது என்று தெரியவில்லை.

அதற்கப்புறம் ஞாயிறு தவறாமல் போனேன். அங்கே தினமும் நாலு கடை இருக்கும் என்றாலும் ஞாயிறுதான் நிறைந்த சந்தை. திருட்டுச் சந்தை என்றுதான் எங்கள் பக்கத்தில் சொல்வார்கள். நான் வாங்கிய எதுவும் திருட்டுப் பொருள் என்று எனக்குத் தோன்றியதில்லை. கப்பலேறி ஊருக்கே திரும்பிப் போகிறவர்கள் தூக்க முடியாமல் போட்டுவிட்டுப் போனவை. இலக்கணம், பூகோளம், வாரப் பத்திரிகைகளில் வந்த தொடர்கதையைக் கிழித்து யாரோ அக்கறையாகத் தைத்து வைத்த கட்டு. தடிமனைப் பார்த்துத்தான் விலை.

வாங்குவதற்கும் ஒரு பழக்கம் வேண்டும். எட்டு மணிக்கு முன்பே போய்விட வேண்டும். முகத்தில் ஆசை தெரியக் கூடாது. வேண்டிய புத்தகத்தைக் கடைசியாகத்தான் தொட வேண்டும். முகர்ந்து பார்த்தால் ஈரம் பட்டதா இல்லையா என்று சொல்லிவிடலாம். பெடல் தேடுகிறவரின் மனைவியாக நின்றுகொண்டே இதையெல்லாம் கற்றுக்கொண்டேன்.

அப்படிச் சேர்ந்தவையும் ஈப்போவிலிருந்து கொண்டுவந்தவையுமாக நாற்பத்து மூன்று புத்தகங்கள். டிக்சன் ரோட்டில் ஒரு கடைவீட்டின் மேல்மாடியில் பலகை வைத்துத் தடுத்த ஓர் அறைதான் எங்கள் வீடு. அந்த மாடியில் ஏழு குடும்பங்கள், ஒரே சமையல்கட்டு. சன்னலுக்குக் கீழே ஒரு தேயிலைப் பெட்டியில் என் நாற்பத்து மூன்றும் இருந்தன.

தொட்டில் கட்டிய இடம்

என் கணவரின் அக்கா பாக்கியம். நாகப்பட்டினத்துப் பக்கத்து வழக்கப்படி நான் அவரை அத்தாச்சி என்று கூப்பிடுவேன். தன் கணவர் இறந்த பிறகு கப்பலில் எங்களிடம் வந்து சேர்ந்தவர். அப்போது அவருக்கு ஐம்பது வயதுக்குள்தான் இருக்கும். எழுதப் படிக்கத் தெரியாது. வேலைக்குச் சலிக்காதவர். நான் பள்ளிக்கூடம் போய் வருவதற்குள் அறையைத் துடைத்து, துணி துவைத்து, மீனும் ஆய்ந்து வைத்திருப்பார். தினமும் மத்தியானத்தில் அந்தத் தேயிலைப் பெட்டியைத் திறந்து ஒவ்வொரு புத்தகமாகத் துடைத்து வைப்பது அவர் தானாக எடுத்துக்கொண்ட வேலை.

மலேசியாவோடு சேர்வதற்கு ஒன்றிரண்டு வருஷம் முன்பு என் மகள் பிறந்தாள். கஷ்டமான பிரசவம். பத்து நாள் ஆஸ்பத்திரியில் இருந்தேன். திரும்பி வந்தபோது அறை புதிதாக இருந்தது. சுவரில் சுண்ணாம்பு வாசனை, சாம்பிராணி வாசனை. சன்னல் பக்கம், காற்று வரும் இடத்தில், புதுச் சேலையில் தொட்டில் தொங்கியது.

பிள்ளையைத் தொட்டிலில் போட்டுவிட்டுத்தான் கேட்டேன். “இங்க இருந்த பெட்டி எங்கங்க அத்தாச்சி?”

“பெட்டியா? அதை ஒடைச்சு அடுப்புக்கு வச்சுட்டேன். ஈரப் பலகை, ஒரே பூச்சி. பச்சப் புள்ள தூங்குற எடமாச்சே.”

“புத்தகம்?”

“காராங்குனிக்காரன் வந்தான். எல்லாத்தையும் தூக்கிக்கிட்டுப் போன்னுட்டேன்.” சாக்கோடு வந்து பழைய சாமான் எடுத்துப் போகிறவரைத்தான் அப்படிச் சொல்வோம். “நீ எல்லாம் படிச்சு முடிச்சதுதானே?”

அவர் முகத்தில் அவ்வளவு சந்தோஷம். பத்து நாளாக யாரும் சொல்லாமல், சுண்ணாம்பைத் தானே கரைத்துத் தானே அடித்திருக்கிறார். கையெல்லாம் வெந்திருந்தது. என் கணவர் இரண்டு ஷிப்டு சேர்த்துப் பார்த்ததால் அவருக்கு எதுவும் தெரியாது.

நான் தலையணையில் சாய்ந்துகொண்டேன். அப்போது எனக்குப் புத்தகங்கள் போன துக்கம் மட்டும்தான். அந்தக் காகிதத்தின் நினைவு வரவில்லை.

அசல்

வீடு திரும்பிய நான்காம் நாள் பள்ளியிலிருந்து ஒரு கடிதத்தைக் கொடுத்தனுப்பினார்கள். ஜாலான் புசார் பக்கத்தில் சிறிய தமிழ்ப் பள்ளி அது. நான் அங்கே தற்காலிக ஆசிரியை. என்னை நிரந்தரமாக்கப் போகிறார்கள், பயிற்சிச் சான்றிதழின் அசலோடு அலுவலகத்துக்கு வரவேண்டும் என்று கடிதத்தில் இருந்தது.

என் சான்றிதழ் ஈப்போவில் ஒரு பயிற்சிப் பள்ளி கொடுத்தது. அதை நடத்தியவர் இறந்துபோய், பள்ளியையும் மூடிவிட்டார்கள். இன்னொரு பிரதி எங்கும் கிடையாது. மடித்தால் மடிப்பில் கிழியும் என்று ஏதோ ஒரு பெரிய புத்தகத்தின் நடுவில் விரித்தபடி வைத்திருந்தேன். எந்தப் புத்தகம்? அதுதான் நினைவில்லை. அகராதி என்று ஒரு நேரம் தோன்றும், பூகோளம் என்று ஒரு நேரம். ஒரு கல்யாணம், ஒரு வீடு மாற்றம், ஒரு பிரசவம் எல்லாம் ஆனபின் தலை அப்படித்தான் இருந்தது.

பிள்ளை பிறந்த பதினெட்டாம் நாள், தீட்டு கழியும் முன்பே, அலுவலகத்துக்குப் போனேன். என் கோப்பைப் பார்த்தவர் யாழ்ப்பாணத்துக்காரர். கஞ்சி போட்ட வெள்ளைச் சட்டை. நான் நிற்கிற நிலையைப் பார்த்து முதலில் நாற்காலியை இழுத்துப் போட்டார்.

“அசல் எங்க, பிள்ளை?”

“வீட்டுல இருக்குங்க சார். தேடிக்கிட்டிருக்கேன்.”

“தேடி எடுத்துக்கொண்டு வாங்கோ. அசல் இல்லாமல் என்னால ஒண்டும் செய்ய ஏலாது.” கொஞ்ச நேரம் பேனாவை மூடித் திறந்தார். “இந்தக் கோப்பை ரெண்டு மாசம் என்ர மேசையிலயே வச்சிருக்கிறன். அதுக்கு மேல அனுப்பித்தான் ஆகவேணும்.”

வீட்டில் இருக்கிறது என்று நான் சொன்னது பொய். எங்கே இருக்கக்கூடும் என்று எனக்குத் தெரிந்த ஒரே இடம் சுங்கை ரோடுதான். காராங்குனிக்காரர்கள் எடுத்ததெல்லாம் அங்கேதான் போய்ச் சேரும்.

இருபத்தோராம் நாள் முதல் ஞாயிறு. இருபத்தெட்டாம் நாள் இரண்டாவது. முன்பு நான் புத்தகம் பார்த்துக்கொண்டு நடந்த அதே தெரு. இப்போது ஒரு கித்தானுக்கும் அடுத்த கித்தானுக்கும் நடுவில் எங்கே கொஞ்சம் உட்காரலாம் என்றுதான் பார்த்துக்கொண்டு போனேன். அடுத்த பால் கொடுக்கும் நேரத்துக்குள் திரும்பியாக வேண்டும். மூன்றாவது ஞாயிறுதான் அந்தக் கணக்குப் புத்தகம் கிடைத்தது. நான்காவது ஞாயிறு அட்டை போன ஒரு கதைப் புத்தகம். இரண்டிலும் ஒன்றுமில்லை.

இதற்கிடையில் நான் செய்த ஒன்றையும் சொல்லிவிட வேண்டும். அத்தாச்சியிடம் நான் சண்டை போடவில்லை. அதற்குப் பதிலாகப் பேச்சைக் குறைத்துவிட்டேன். பிள்ளையைக் கொடுங்க, வெந்நீர் ஆச்சா, அவ்வளவுதான். கத்தியிருந்தால்கூட அவருக்குப் புரிந்திருக்கும். ஞாயிறுதோறும் நான் எங்கே போகிறேன் என்று அவர் கேட்கவில்லை. பிள்ளையை வாங்கிக்கொண்டு, “வெயில் ஏறதுக்குள்ள வந்துரு,” என்பார். திரும்பி வந்து நான் காலை நீட்டினால், கேட்காமலே வெந்நீர் ஒத்தடம் கொடுப்பார். நான் சுவரைப் பார்த்துக்கொண்டிருப்பேன்.

ஒரு பொட்டலம் கடலை

அந்த நான்காவது ஞாயிறு கழிந்த வாரத்தில் ஒரு சாயங்காலம். ஷிப்டு முடிந்து வந்த என் கணவர் கச்சாங் பூத்தே வாங்கி வந்தார். தலையில் தட்டு வைத்துக்கொண்டு, சினிமாக் கொட்டகை வாசலில் கடலை, பட்டாணி விற்பவரிடம் வாங்கியது. கூம்பாகச் சுருட்டிய காகிதத்தில் ஆளுக்கொரு பொட்டலம்.

நான் பட்டாணியைத் தின்று முடித்துக் காகிதத்தைக் கசக்கப் போனேன். ஓரத்தில் பென்சில் எழுத்து தெரிந்தது. கடினமான சொல்லுக்கு அர்த்தம் எழுதி வைத்திருந்தது. என் எழுத்து.

மடியில் வைத்துக் காகிதத்தை நீவி விரித்தேன். என் இலக்கணப் புத்தகத்தின் ஒரு பக்கம். எண்ணெய் ஊறி மறுபக்கத்து எழுத்தும் சேர்ந்து தெரிந்தது. என் கணவர் கையிலிருந்த பொட்டலத்தையும் வாங்கிப் பிரித்தேன். அது வேறு ஏதோ மலாய்ப் பத்திரிகை.

“என்னா அது?” என்றார் அத்தாச்சி.

“என் புத்தகம்.”

அவர் தன் பொட்டலத்தைக் கீழே வைத்தார். தட்டை எடுத்துக் கடலையை அதில் கொட்டினார். காகிதத்தைப் பிரித்து என்னிடம் நீட்டினார். அதுவும் என்னுடையது இல்லை. அவருக்குத் தெரியாதே.

“ஒரு புக்குல எத்தனை பொட்டலம் வரும்?”

நான் காகிதத்தை நீவிக்கொண்டே இருந்தேன். என் கணவர்தான் சொன்னார். “எரநூறு வரும்க்கா.”

அப்போதுதான் எல்லாவற்றையும் அத்தாச்சியிடம் சொன்னேன். அலுவலகம், அசல், இரண்டு மாதம். அந்தக் காகிதம் இல்லாவிட்டால் எவ்வளவு வருஷம் வேலை செய்தாலும் தற்காலிகம்தான் என்பது. சொல்லி முடித்ததும், “இத ஏன் மொதல்லயே சொல்லல?” என்றார்.

நான் அந்த எண்ணெய்க் காகிதத்தை மடித்து வைத்தேன்.

“வர்ற ஞாயித்துக்கிழமை நானும் வர்றேன்.”

“நீ போயி என்ன செய்வக்கா? ஒனக்கு எழுத்தே தெரியாது லா,” என்றார் என் கணவர்.

“எழுத்து தெரியாது. அவ புக்கு தெரியும். ரெண்டு வருஷமா நாந்தானே தொடைக்கிறேன்?”

அத்தாச்சியின் கை

நாற்பத்தொன்பதாம் நாள். பிள்ளையைச் சேலையில் தூளி கட்டி மார்போடு அணைத்துக்கொண்டு அத்தாச்சி முன்னால் நடந்தார். இரும்புச் சாமான் கடைகள் அடைத்துக் கிடந்தன. ஜாலான் புசாரைக் கடந்து கால்வாயோரம் இறங்கினோம்.

நான் பெயர்களைப் படித்துக்கொண்டே தேடுவேன். அவர் கண்ணால் தேடவே இல்லை. குவியலுக்குள் கையை விட்டார். எடுத்தார், தடவினார், போட்டார். மூன்றாவது கித்தானிலேயே ஒன்றைத் தூக்கி என்னிடம் நீட்டினார்.

“இது ஒன்னோடது. எலி கடிச்ச மூலை.”

என்னுடையதுதான். அடுத்ததற்குப் பத்து நிமிஷம்கூட ஆகவில்லை.

“இது நீ அடுப்புப் பக்கம் வச்சுப் பொசுக்குனது. வாடை இன்னும் போகல பாரு.”

அன்று மட்டும் நான்கு. ஒன்றின் மேல் தானே விளக்கெண்ணெய் கொட்டி, சொல்லாமல் துடைத்து வைத்ததையும் அப்போதுதான் ஒப்புக்கொண்டார். விரிசல் கண்ணாடிக்காரர் முன்னால் பிள்ளையோடு உட்கார்ந்து அத்தாச்சி தமிழிலேயே நடந்ததையெல்லாம் சொன்னார். சுண்ணாம்பு அடித்தது, தொட்டில் கட்டியது, புத்தகத்தைத் தூக்கிக் கொடுத்தது. அவருக்கு ஒரு வார்த்தை புரிந்திருக்காது. ஆனால் நடுவில் குறுக்கிடாமல் கேட்டார். எங்களை மாதிரி அவரும் அந்த வெயிலில் களைத்துத்தான் இருந்தார். கடைசியில் எழுந்து வந்து, வரிசையின் கோடியில் பழைய காகிதத்தைக் கட்டுக்கட்டாக வாங்கி விற்கும் ஓலைத் தொப்பிக்காரரைக் கை காட்டினார். நாங்கள் போய்ச் சேர்வதற்குள் அவர் கட்டுகளை வண்டியில் ஏற்றிக்கொண்டு கிளம்பிவிட்டார்.

அடுத்த மூன்று ஞாயிறும் அந்த ஓலைத் தொப்பிக்காரர் வரவில்லை. மற்றக் கித்தான்களில் இன்னும் இரண்டு புத்தகங்கள் மட்டும் கிடைத்தன. எனக்கு வீட்டு வேலையும் பிள்ளையும் போக ஞாயிறு வருகிறதே என்ற பயம்தான் மிச்சம். சனிக்கிழமை சாயங்காலமே கால் கனக்கத் தொடங்கிவிடும்.

இரண்டு மாதம் முடிய ஒரு நாள் இருக்கும்போது கடைசி ஞாயிறு. அன்று தொப்பிக்காரர் வந்திருந்தார். சுவர்போலக் கட்டுகள். அத்தாச்சி பிள்ளையை என்னிடம் கொடுத்துவிட்டு, ஒவ்வொரு கட்டின் பக்கவாட்டிலும் விரலை ஓட்டிக்கொண்டே போனார். ஒரு கட்டில் விரல் நின்றது.

“அடியில இருக்கு. பெருசு. இதை நான் ரெண்டு கையாலதான் தூக்குவேன்.”

அகராதி. கயிற்றை அவிழ்க்கத் தொப்பிக்காரர் விடவில்லை. அவிழ்த்தால் மொத்தக் கட்டையும் வாங்க வேண்டும் என்றார். வாங்கினோம். அத்தாச்சி அதைத் தலையில் தூக்கிக்கொண்டு வந்து, ஜாலான் புசாரில் அடைத்திருந்த ஒரு கடையின் முன்னால் ஐந்தடி நடைபாதையில் இறக்கினார். அதற்கு மேல் இருவராலும் நடக்க முடியவில்லை.

கட்டில் என் புத்தகங்கள் மூன்று இருந்தன. மற்ற இரண்டையும் தள்ளிவிட்டு அகராதியைத் திறந்தேன். நடுப்பக்கம் தானாகவே விரிந்தது. பல வருஷம் ஏதோ ஒன்று அங்கே இருந்து பழகிய விரிசல்.

காகிதம் இல்லை. ஆனால் அது இருந்த இடம் இருந்தது. அகராதியின் பக்கங்கள் பழுப்பேறிப் போயிருந்தன. நடுவில் மட்டும், நீள்சதுரமாக, வெளுப்பாக ஓர் இடம். நான்கு மூலையும் சுத்தமாகத் தெரிந்தது.

“இருக்கா?” என்றார் அத்தாச்சி.

“இருந்துச்சு.”

அவர் குனிந்து பார்த்தார். அந்த வெளுத்த இடத்தின் ஓரமாகவே விரலை ஓட்டி ஒரு சுற்று வந்தார். “இத்தனை பெருசா?” என்றார். அவர் அந்தக் காகிதத்தை ஒரு ரசீது அளவுக்கு நினைத்திருக்கிறார்.

பிள்ளை அழத் தொடங்கியது. தெருவில் போகிறவர்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு அங்கேயே உட்கார்ந்து பால் கொடுத்தேன். அத்தாச்சி தன் முந்தானையை விரித்து எங்களை மறைத்துக்கொண்டு நின்றார். பிள்ளை குடித்து முடிக்கும்வரை அவர் கை இறங்கவில்லை.

தற்காலிகம்

மறுநாள் அலுவலகத்தில் உண்மையைச் சொன்னேன். யாழ்ப்பாணத்துக்காரர் அகராதியின் அந்தப் பக்கத்தைப் பார்த்தார். நான் ஏன் அதைச் சுமந்துகொண்டு போனேன் என்று எனக்கே தெரியவில்லை. “இதை நான் கோப்பில வைக்க ஏலாது, பிள்ளை,” என்றார் மெதுவாக. பிறகு ஒரு படிவத்தை எடுத்தார். “பின்னேரப் பயிற்சி வகுப்பு துவங்கப் போயினம். மூண்டு வருஷம். திரும்பப் படிக்கிறதுக்கு வெக்கப்படாதேங்கோ.”

வெட்கப்பட நேரம் எங்கே இருந்தது? காலையில் பள்ளி, சாயங்காலம் வகுப்பு. ஏற்கெனவே தெரிந்ததை மறுபடி படிப்பதில் இருக்கிற அலுப்பு வேறு எதிலும் இல்லை. பலகையில் எழுதுவது எப்படி என்று எனக்குப் பாடம் எடுத்தவர் என்னைவிட நான்கு வயது இளையவர். என் மகள் அத்தாச்சியின் இடுப்பிலேயே வளர்ந்தாள். நான் நிரந்தரமானபோது மலேசியாவோடு சேர்ந்து பிரிந்தும் ஆகியிருந்தது. நாங்கள் அடுக்குமாடி வீடு கிடைத்துத் தோ பாயோவுக்குக் குடிபோனோம்.

அத்தாச்சி மட்டும் சுங்கை ரோட்டை விடவில்லை.

ஞாயிறு காலை தேநீர் குடித்ததும் பையை எடுத்துக்கொள்வார். தோ பாயோ போன பிறகும் பஸ் ஏறிப் போனார். பத்து மணிக்கு மேல் வந்து ஒரு புத்தகத்தை என் முன்னால் வைப்பார்.

“ஒன்னோடதா பாரு.”

மலாய்ச் சமையல் புத்தகம். சிவப்பு அட்டை போட்ட சீனப் பஞ்சாங்கம். யாரோ பாதி எழுதி நிறுத்திய கணக்கு நோட்டு. வருஷங்கள் போகப் போக என் புத்தகங்கள் அவர் கைக்கும் மறந்துவிட்டன. துணி முதுகு இருந்தால் எடுத்துவிடுவார். மூலை கடித்திருந்தால் எடுத்துவிடுவார்.

“இல்லீங்க அத்தாச்சி.”

“சரி. அடுத்த வாரம் பாப்போம்.”

எத்தனை தடவை சொல்லியிருப்பேன்! “விட்டுடுங்க. எனக்குத்தான் வேலை நிரந்தரமாயிடுச்சே.”

“வேலை வந்துச்சு. புக்கு வரலியே. நாப்பத்து மூணுல பதினொண்ணுதானே வந்துருக்கு?”

எண்ணிக்கையை அவர் என்னிடம் எப்போது கேட்டுத் தெரிந்துகொண்டார் என்றே எனக்கு நினைவில்லை. என் கணவர் சொல்லியும் கேட்கவில்லை. கோபப்பட்டால் அன்று ஒரு நாள் சாப்பிடமாட்டார், அடுத்த ஞாயிறு பையை எடுத்துக்கொள்வார்.

அறுபதுகள் முடியும் தறுவாயில் ஒரு ஞாயிறு. வெயில் சுட்டெரித்தது. அன்று லிப்டு வேலை செய்யவில்லை. படியேறி வந்து கதவருகே நின்றவருக்கு மூச்சு வாங்கியது. கணுக்கால் இரண்டும் வீங்கிச் செருப்பின் வார் பதிந்திருந்தது. பையிலிருந்து ஒரு தடித்த புத்தகத்தை எடுத்து மேசையில் வைத்தார்.

“பாரு.”

திறந்தேன். ஆங்கிலத்தில் கோழி வளர்ப்பது பற்றிய புத்தகம். கூண்டுக்குள் நிற்கும் வெள்ளைக் கோழிகளின் படங்கள். ஒவ்வொரு பக்கமாகப் புரட்டினேன். அவர் நின்றுகொண்டே என் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“ஆமாங்க அத்தாச்சி,” என்றேன். “இது என்னோடதுதான்.”

“நல்லாப் பாத்தியா?”

“பாத்தேன்.”

“இன்னும் எத்தனை பாக்கி?”

“இதான் கடைசி. மத்ததெல்லாம் எனக்கு வேண்டாதது. இது ஒண்ணுதான் வேணும்னு நெனச்சுக்கிட்டிருந்தேன்.”

அவர் நாற்காலியை இழுத்து உட்கார்ந்தார். செருப்பைக் கழற்றாமலே முழங்காலைத் தேய்த்துக்கொண்டிருந்தார். என்னை நம்பினாரா என்று எனக்கு இன்றுவரை தெரியாது.

“அப்ப வர்ற ஞாயித்துக்கிழமை நான் தூங்கலாம்ல?”

“தூங்குங்க அத்தாச்சி.”

அடுத்த ஞாயிறு தூங்கினார். பத்து மணி ஆகியும் எழுந்திருக்கவில்லை. ரேடியோ போடப் போன என் மகளின் கையைப் பிடித்து நிறுத்தினேன்.